அரக்கு மாங்காய்

எங்கள் ஊர்ப் பொது நூலகத்தின் மாடியில், தையல் குழு கூடும் அறை வாசலை ஒட்டி ஒரு புகைப்படம் வெகுநாள் மாட்டியிருந்தது. பன்னிரண்டு அங்குலச் சதுரத் துணி. வெல்வெட், பட்டு, சாட்டின் என்று கோணல்மாணலாக வெட்டி ஒட்டுப்போட்ட துண்டுகள். வலது கீழ்மூலையில் அரக்கு நிற லேஸ். அந்த லேஸுக்கு மேலே, பாசிமணிகளால் இடைவெளியில்லாமல் நிறைத்த ஒரு மாங்காய். படத்துக்குக் கீழே ஓர் அட்டையில், தென்னிந்திய மரபுப்படி ஆசி வழங்கும் மாங்காய் என்று அச்சிட்டு ஒட்டியிருந்தார்கள். அந்த அட்டையில் மாங்காய் என்ற சொல் ஒன்றுதான் நிஜம். மற்றதெல்லாம் நான் விட்ட கதை.

நான் கும்பகோணத்துக்காரி. இருப்பது ஃபிலடெல்ஃபியாவுக்கு மேற்கே ஒரு சின்ன ஊர். கணவரின் வேலைக்காக வந்தோம். மகள் இங்கே பிறந்தாள். குளிர்காலத்துச் சனிக்கிழமைகளை எப்படிக் கழிப்பது என்று தெரியாமல் நூலகத்துக்குப் போய் உட்கார்ந்திருந்த நாட்களில், மாடியிலிருந்து கேட்ட சிரிப்புச் சத்தம்தான் என்னைப் படியேற வைத்தது. மேலே ஐந்து பெண்கள் ஊசியும் நூலுமாக இருந்தார்கள். பள்ளியில் தையல் டீச்சரிடம் கற்ற சங்கிலித் தையலையும் மீன்முள் தையலையும் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது. அதுவே போதும் என்றார்கள்.

அவர்கள் தைத்துக்கொண்டிருந்தது கிரேஸி குவில்ட். ஒட்டுத்துணிப் போர்வை என்றால் ஒரே அளவுச் சதுரமும் முக்கோணமும் நம் மனதில் வரும். இதில் எந்தத் துண்டுக்கும் அளவு கிடையாது. அடியில் ஒரு காடாத்துணி; அதன் மேல் கிடைத்த வடிவில் பட்டும் வெல்வெட்டும்; இரண்டு துண்டு சேரும் ஒவ்வொரு கோட்டின் மேலும் அலங்காரத் தையல். அந்தக் காலத்தில் பெரும்பாலும் உள்ளே பஞ்சு வைக்க மாட்டார்கள், அடுக்குகளை ஊடுருவித் தைக்கவும் மாட்டார்கள். இலக்கணப்படி பார்த்தால் குவில்ட் என்ற பெயரே இதற்குச் செல்லாது. குளிருக்குப் போர்த்திக்கொள்ள இதை யாரும் செய்யவில்லை. வரவேற்பறைச் சோபாவின் மேல் போட்டு, வருகிறவர் கண்ணில் படவைப்பதற்கென்றே செய்தார்கள்.

இது பிறந்த கதையில் எங்கள் பக்கத்து நகரத்துக்கும் பங்கு உண்டு. 1876 மே 10 முதல் நவம்பர் 10 வரை ஃபிலடெல்ஃபியாவின் ஃபேர்மவுன்ட் பூங்காவில் அமெரிக்க விடுதலையின் நூற்றாண்டுப் பொருட்காட்சி நடந்தது. கிட்டத்தட்ட ஒரு கோடிப் பேர் வந்தார்கள். அங்கே ஜப்பான் வைத்திருந்த கைவினைப் பொருள்களைப் பார்த்து அமெரிக்கப் பெண்கள் சொக்கிப்போனார்கள். பீங்கானின் மெருகில் வலைபோல ஓடிய வெடிப்புக் கோடுகளும், ஒரு பக்கமாய்ச் சாய்ந்த சித்திர அமைப்பும்தான் துணியில் கோணல் துண்டுகளாக இறங்கின என்று குவில்ட் வரலாறு எழுதுகிறவர்கள் சொல்வது வழக்கம். மெருகு வெடிப்பதற்கு ஆங்கிலத்தில் உள்ள சொல்லும் கிரேஸியும் ஒரே வேரில் வந்தவை. அந்தப் பொருட்காட்சிக்குக் கட்டிய நினைவு மண்டபம் இன்னும் நிற்கிறது. இப்போது அது குழந்தைகளுக்கான அருங்காட்சியகம். மகள் சின்னவளாக இருந்தபோது அங்கே நாலைந்து முறை போயிருக்கிறேன், இந்தச் சங்கதி எதுவும் தெரியாமல்.

இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் குழுவிலேயே மூத்தவர். புவியியல் ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவர். இங்கே எண்பது வயதுக்காரரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். என் நாக்கு அதற்கு வளையவில்லை. டீச்சர் என்றே கூப்பிட்டேன், அவருக்கும் அது பிடித்திருந்தது. ஒருநாள் அவர் தன் பாட்டி வழி வந்த 1880களின் குவில்ட் ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் விரித்தார். மூலையில் வெள்ளி நூலில் ஒரு சிலந்தி வலை. வலை இருந்தால் அதிர்ஷ்டம் என்று அந்தக் காலத்தில் நம்பினார்களாம். விசிறி, ஆந்தை, தைத்தவரின் முதலெழுத்து, வருடம் எல்லாம் இருந்தன. ஆனால் நடுவில் இருந்த கருப்புப் பட்டு நாராய்க் கிழிந்து, தொட்டால் பொடியாக உதிர்ந்தது. பக்கத்திலிருந்த வெல்வெட்டுக்கு ஒரு சேதமும் இல்லை.

காரணம் வேடிக்கையானது. கச்சாப் பட்டிலிருந்து கோந்தை நீக்கினால் எடையில் கால்வாசி போய்விடும். பட்டு எடைக்கு விற்கும் சரக்கு. எனவே அன்றைய ஆலைக்காரர்கள் இரும்பு, வெள்ளீயம் போன்ற உலோக உப்புகளில் பட்டை ஊறவைத்துப் போன எடையைத் திருப்பி ஏற்றினார்கள். கையில் எடுத்தால் கனமாக, சரசரவென்று பணக்காரத்தனமாக இருக்கும். அந்த உப்பே உள்ளிருந்து நூலை அரித்துவிடும். "நல்ல துணி என்று நினைத்துத்தான் பாட்டி நடுவில் வைத்திருக்கிறாள்" என்றார் டீச்சர்.

அந்த வருடம் எங்களுக்குள் ஒரு சுற்று ஆரம்பித்தோம். ஆறு பேர், ஆளுக்கொரு பிளாக். அலங்காரம் ஏறாத பிளாக்கை அவர்கள் நிர்வாணம் என்றே சொல்வார்கள். எனக்கு எழுதக் கூச்சமாக இருக்கிறது, மொட்டை பிளாக் என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஜிப் பையில் மொட்டை பிளாக்கும் சிறு குறிப்பேடும். மாதம் ஒருமுறை பை அடுத்தவர் கைக்குப் போகும். ஒவ்வொருவரும் ஒரு மூலையோ ஓர் இணைப்போ மட்டும் அலங்கரித்து, செய்ததைக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். ஆறாவது மாதம் பிளாக் சொந்தக்காரரிடம் திரும்பிவிடும். குறிப்பேட்டின் முதல் பக்கம் சொந்தக்காரருடையது. டீச்சர் தன் பக்கத்தில் இப்படி எழுதியிருந்தார்: சந்தன நிறம், வாடிய ரோஜா நிறம், பழைய லேஸ் பிடிக்கும். மணிகள் வேண்டாம். இதை மடிப்போர்வையாக்கப் போகிறேன், குத்தும். வலது கீழ்மூலைச் சாட்டின் என் அம்மாவின் கல்யாண கவுனில் மிஞ்சியது.

அந்தப் பை நான்காவதாக என்னிடம் வந்தது. அந்த மூலைதான் மிச்சமிருந்தது.

சாட்டினை ஒட்டிய கோட்டில் லேஸ் வைக்கலாம் என்று தோன்றியது. சந்தன நிறத்துக்குப் பக்கத்தில் அரக்கு. அம்மாவின் கூறைப்புடவை அந்த நிறம். கடையில் அரக்கு நிறத்தில் லேஸ் கிடைக்கவில்லை. மெரூன் என்று கொடுத்தது கத்திரிக்காய்ப் பக்கம் சாய்ந்தது. சரி, நாமே சாயம் போடுவோம் என்று ஒன்றரை அங்குல வெள்ளைக் குரோஷா லேஸ் இரண்டு கஜம் வாங்கினேன்.

இந்த இடம் வரைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் செய்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். முனையில் ஒரு நூல் உருவித் தீக்குச்சியில் காட்டினேன். காகிதம் எரிந்த வாசனை வந்து சாம்பலாய் உதிர்ந்தால் பருத்தி. முடி கருகிய நாற்றம் என்றால் பட்டு. உருகிக் கருப்புக் கட்டியானால் பாலியஸ்டர். அதற்கு இந்தச் சாயம் ஒட்டவே ஒட்டாது. எனக்குக் காகித வாசனை. 1956இல் பிரிட்டனின் ஐ.சி.ஐ. கம்பெனி விற்பனைக்குக் கொண்டுவந்த புரோசியன் வகை ரியாக்டிவ் சாயம் இங்கே கைவினைக்காரர்களிடம் சர்வசாதாரணம். சமையலுக்கு எடுக்காத பிளாஸ்டிக் வாளி, கையுறை, முகக்கவசம் எல்லாம் வைத்துக்கொண்டு, சிவப்போடு துளித்துளியாகக் கருநீலம் சேர்த்து, ஈரக் காகிதத் துண்டில் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். ஏழாவது கலவையில் அம்மாவின் புடவை வந்தது. அடுக்களையில் தனியாக நின்று கைதட்டிக்கொண்டேன்.

இந்தச் சாயத்தில் சலவைச் சோடா போட்ட பிறகுதான் நிறம் பருத்தி நூலோடு ஒன்றாகிறது. அதற்குப் பல மணி நேரம், முடிந்தால் ஓர் இரவு, ஈரமாகவே மூடி வைக்க வேண்டும். எவ்வளவு பொறுமையாக வைத்தாலும் ஒரு பங்கு சாயம் நூலைப் பிடிக்குமுன் தண்ணீரோடேயே சேர்ந்து செல்லாக்காசாகிவிடும். அது நூலில் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும். அதைத்தான் முதலில் குளிர்ந்த நீரிலும் பிறகு கொதிக்கக் கொதிக்க வெந்நீரிலும் பலமுறை அலசி வெளியேற்ற வேண்டும்.

நான் இரண்டு மணி நேரம் ஊறவைத்தேன். வெந்நீரில் அலசவில்லை. அம்மா செய்வதைச் செய்தேன். சாயம் போகிற புதுத்துணி எதுவானாலும் கல் உப்புக் கரைத்த தண்ணீரில் ஊறப்போடுவாள் அம்மா. உப்பு சாயத்தைப் பிடித்து நிறுத்தும் என்பாள். மதுரைச் சுங்குடியிலிருந்து என் பள்ளிச் சீருடை வரை எல்லாம் அந்த உப்புத் தண்ணீரில் குளித்தவைதான். இரண்டாம் அலசலிலேயே உப்புத் தண்ணீர் தெளிவாக நின்றது. திருப்தியாகக் கொடியில் போட்டேன். பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன்: தண்ணீர் தெளிந்து நின்றதற்குக் காரணமே உப்பு. ஒட்டாத சாயத்தை அது நிரந்தரமாகக் கட்டிப்போடுவதில்லை, உப்பு இருக்கும்வரை வெளியே விடாமல் நூலோடு அழுத்தி வைத்திருக்கும், அவ்வளவுதான். உப்பில்லாத தண்ணீர் பட்டதும் கிளம்பி வரும். ஈரமான வெள்ளைத் துணியை லேஸின் மேல் வைத்து இஸ்திரிப் பெட்டியால் ஒரு நிமிடம் அழுத்திப் பார்த்திருந்தால் அன்றைக்கே குட்டு உடைந்திருக்கும். ஒரு நிமிடம்!

லேஸைக் கையால் தைத்தேன். அதற்கு மேலே சாட்டினில் ஒரு விசிறி போடலாம் என்று, தண்ணீர் பட்டால் மறையும் நீலப் பேனாவால் கோடு வரைந்தேன். விசிறி சரியாக அமையவில்லை. கோட்டை அழிக்க ஸ்பிரே பாட்டிலை எடுத்து இரண்டு தடவை அழுத்தினேன். நீலம் மறைந்தது. அது மறைவதை ரசித்துக்கொண்டிருக்கும்போதே லேஸின் ஓரத்திலிருந்து ஒரு செம்மை கிளம்பி, சாட்டினில் விரல் நீட்டிக்கொண்டு ஏறியது.

முழு பிளாக்கையும் தண்ணீரில் அமிழ்த்தி அலசியிருந்தால் ஒருவேளை தப்பியிருக்கும். மற்ற மூலைகளில் மூன்று பேரின் வேலை இருந்தது: பட்டு ரிப்பனில் செய்த ரோஜாக்கள், வெல்வெட். எதை நனைப்பது? பஞ்சு சுற்றிய குச்சியால் ஒற்றினேன், கறை அகன்றது. மறுபடி ஒற்றினேன், மறுபடி அகன்றது. பயத்தில் ஹேர் டிரையரை எடுத்துக் காய வைத்தேன். கறையின் விளிம்பு இன்னும் அழுத்தமாகக் கோடு கட்டியது. இரவு பதினொன்றரைக்கு என் முன்னால், வேறு ஒரு பெண்ணின் அம்மா கல்யாணத்துக்கு உடுத்திய துணியில், இரண்டு அங்குல உயரத்தில் ஒரு செங்கறை இருந்தது. கீழே அகன்று மேலே கூம்பி, நுனி லேசாக ஒரு பக்கம் வளைந்து, அச்சாக மாங்காய்.

என் கெட்ட நேரம் அந்த வடிவம். வட்டமாகவோ திட்டுத்திட்டாகவோ பரவியிருந்தால் மறுநாள் காலை டீச்சருக்குப் போன் செய்திருப்பேன் என்று இன்றுவரை எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். உண்மையா என்று தெரியாது.

பெட்டியில் பாரிமுனையில் வாங்கிய பாசிமணிகள் இருந்தன. ஊருக்குப் போகும்போதெல்லாம் அரைக்கிலோ ஒருகிலோ என்று அள்ளிக்கொண்டு வருவேன். எதற்கு என்று கேட்டால் பதில் இருக்காது. கறையின் விளிம்பைத் தாண்டி அரை விரல் அகலம் விட்டு, பைப் பாசியால் எல்லை கட்டினேன். உள்ளே பொடிப் பாசி, வரிசைக்குள் வரிசை, நத்தைச் சுருள்போல. நடுவில் மூன்று குந்தன் கல். ஒரு கிராமுக்கு ஏறக்குறைய நூற்றுப்பத்து வரும் பொடிப் பாசி அது. அறுநூறுக்கு மேல் போயிருக்கும். நான்கு இரவுகள். பொய்க்குத் தைக்கும்போது கை எவ்வளவு நேர்த்தியாக இருக்கிறது! அந்த மாங்காயைப் போல ஒன்றை அதற்கு முன்னும் பின்னும் நான் தைத்ததில்லை.

மணிகள் வேண்டாம் என்று முதல் பக்கத்தில் எழுதியிருந்ததே, அதற்கு என்ன சொல்வது? குறிப்பேட்டை எடுத்தேன். டீச்சர் காட்டிய சிலந்தி வலை நினைவுக்கு வந்தது. எழுதினேன்: மணி வேண்டாம் என்றீர்கள், மன்னிக்கவும். எங்கள் ஊரில் மூத்த பெண்ணுக்கு இளையவள் தன் கையால் மாங்காய் தைத்துக் கொடுத்தால் அவருக்கு ஆயுள் கூடும் என்பது நம்பிக்கை. அதனால் மனம் கேட்கவில்லை.

மாவிலைத் தோரணம் உண்டு. புடவைக் கரையில் மாங்காய் உண்டு. அதை மங்கலமாக நினைப்பதும் உண்டு. ஆயுள் கூடும் வழக்கம் எந்த ஊரிலும் கிடையாது. பேனா ஓடிய வேகத்தில் முளைத்தது.

பை டீச்சரிடம் திரும்பிய சனிக்கிழமை அவர் அதைச் சத்தமாகப் படித்தார். படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மற்றவர்கள் பிளாக்கைக் கையில் வாங்கி மாங்காயைத் தடவித் தடவிப் பார்த்தார்கள். லேஸின் நிறம் என் அம்மாவின் கல்யாணப் புடவை நிறம் என்று நான் சொல்ல, டீச்சர் அம்மாவின் கவுனும் என் அம்மாவின் புடவையும் பக்கத்துப் பக்கத்தில் என்று இன்னொருவர் சொல்ல, அறையே நெகிழ்ந்துபோனது. நடுவில் நான் உட்கார்ந்திருந்தேன். வேறு இரண்டு பேர் தங்கள் பிளாக்கிலும் மாங்காய் கேட்டார்கள். தைத்தேன். வசந்தகாலக் கண்காட்சிக்கு நூலகத்தார் படம் எடுத்து மாட்டினார்கள். மறுவருடம் என் மகள் பள்ளியில் குடும்ப மரபு பற்றி ஒரு ப்ராஜெக்ட் செய்தாள். நூலக அட்டையைப் பார்த்திருக்கிறாள். மாங்காயையே எடுத்துக்கொண்டு இரண்டு பக்கம் எழுதி, பெற்றோர் கையொப்பத்துக்கு என்னிடம் நீட்டினாள். போட்டேன். அதை எழுதும்போது இப்போதும் காது சூடாகிறது.

டீச்சர் அந்த பிளாக்கை நடுவில் வைத்து, சுற்றிலும் கரும்பச்சை வெல்வெட் பட்டை கொடுத்து மடிப்போர்வையாக முடித்தார். பிறகு வீட்டை விற்றுவிட்டு முதியோர் குடியிருப்பு ஒன்றுக்குப் போனார். குழுவுக்கு வருவது குறைந்தது. சுற்று முடிந்து மூன்றாவது வருடம் ஒருநாள் போன் வந்தது. "உன் மாங்காய் என் மடியில் உதிர்கிறது" என்றார்.

போய் வாங்கிக்கொண்டு வந்தேன். பார்த்ததும் காரணம் தெரிந்துவிட்டது. பைப் பாசியின் வெட்டுமுனை கண்ணாடிச் சில்லுபோலக் கூர்மை. அதில் நூல் உரசாதிருக்க இரண்டு முனையிலும் ஒவ்வொரு உருண்டைப் பாசி கோத்துத் தைக்க வேண்டும். மணி வேலைக்கென்றே உள்ள நைலான் நூலை இரட்டையாக எடுத்து, நாலைந்து மணிக்கு ஒருமுறை அடியில் முடிச்சுப் போட வேண்டும். அப்போதுதான் ஓரிடத்தில் அறுந்தாலும் அங்கேயே நிற்கும். அந்த இரவுகளில் கைக்குக் கிடைத்த சாதாரணத் தையல் நூலை ஒற்றையாக எடுத்து, முடிச்சே இல்லாமல் ஓட்டியிருந்தேன். எல்லை அறுந்து, உள்வரிசை பிரிந்து, மாங்காயின் வயிறு பாதி காலி. மிச்ச மணிகளின் பாரத்தில் சாட்டின் தொய்ந்திருந்தது.

பிரித்து மறுபடி தைக்கலாம் என்று மற்ற மணிகளையும் வெட்டி எடுத்தேன். காலி ஊறுகாய் பாட்டில் ஒன்றில் போட்டேன். அடியில் கறை அப்படியே இருந்தது. வெளிச்சம் படாமல் மணிகள் காப்பாற்றியிருந்தன. சுற்றியிருந்த சாட்டின் இன்னும் பழுத்திருக்க, கறைதான் புதுசாகத் தெரிந்தது.

சொன்னால் நம்புவீர்களா, அப்போதும் எனக்குத் தோன்றிய முதல் எண்ணம், இந்தமுறை சரியான நூலில் தைத்துவிட வேண்டும் என்பதுதான். நைலான் நூலை எடுத்து ஊசியில் கோத்தும்விட்டேன். மகள் பின்னால் வந்து நின்றாள்.

"அம்மா, அது என்ன ரத்தமா?"

"சாயம். லேஸ்லேர்ந்து ஏறிடுச்சு."

"இப்பவா?"

"அப்பவே."

அவள் கெட்டிக்காரி. பாட்டிலைப் பார்த்தாள், துணியைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "அப்போ மாங்காய்?" என்றாள். நான் பதில் சொல்லவில்லை. "நான் அதைக் கிளாஸ் முன்னாடி நின்னு வாசிச்சேம்மா" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். கதவைச் சாத்தியது கேட்கவில்லை. ஓங்கிச் சாத்தியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

மறுநாள் டீச்சரிடம் போனேன். போர்வையைக் கொடுத்து, கறையைக் காட்டி, நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். உப்புத் தண்ணீர், ஸ்பிரே, ஹேர் டிரையர் எல்லாம். அவர் குறுக்கே பேசவில்லை. விரலால் கறையைத் தொட்டுப் பார்த்தார்.

"கறை போகுமா?"

"போகாது டீச்சர்."

"லேஸ் உங்கள் அம்மாவின் புடவை நிறம் என்றீர்களே?"

"அது உண்மை."

"மாங்காய்?"

"புடவையில் இருக்கும். அது உண்மை. ஆயுள் கூடும் என்று எழுதினேனே, அதுதான் நானே கட்டியது."

அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு, "போன வருடம் இதய ஆபரேஷனுக்குப் போனபோது இதை எடுத்துக்கொண்டு போனேன்" என்றார். "நர்ஸ் வேண்டாம் என்றாள். மாங்காய்க் கதையைச் சொல்லி அனுமதி வாங்கினேன்."

எனக்கு எழுந்து போய்விட வேண்டும்போல் இருந்தது. அவரே, "இன்று போய்விட்டு வாருங்கள்" என்றார். கோபமான குரல் இல்லை. பரீட்சைத் தாளைத் திருத்தி முடிக்காத ஆசிரியை மாணவியை வெளியே அனுப்புகிற குரல்.

அந்த வாரத்தில் நான் செய்தவை சில்லறை வேலைகள். நூலகத்தில் கேட்டுப் படத்தையும் அட்டையையும் எடுக்கச் செய்தேன். ஏன் என்று அவர்கள் அதிகம் கேட்கவில்லை. மாங்காய் வாங்கிய இருவரிடமும் சொன்னேன். ஒருவர் சிரித்தார், இன்னொருவர் சிரிக்கவில்லை. மகளின் ஆசிரியைக்கு நானே கடிதம் எழுதினேன், பிழை குழந்தையுடையது அல்ல என்று. அம்மாவுக்குப் போன் செய்து உப்புத் தண்ணீர் பற்றி விளக்கப் போக, அவள் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. "நீ உப்பு குறைச்சலாப் போட்டிருப்பே" என்று முடித்துவிட்டாள்.

அடுத்த சனிக்கிழமை டீச்சரே கூப்பிட்டார். போனபோது போர்வை அவர் மடியில் இருந்தது. கறையை மூடவில்லை. அதன் விளிம்பை அப்படியே பின்தொடர்ந்து, பழுப்பு நூலில் காம்புத் தையலால் கோடு போட்டிருந்தார். கை நடுங்குகிற வயது. கோடு எங்கெங்கோ உள்வாங்கி வெளிவாங்கி ஓடியது. சாயம் வளைந்த இடத்தில் எது, கை வளைந்த இடத்தில் எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. பக்கத்தில் குறிப்பேடு திறந்திருந்தது. என் பழைய பக்கத்தை அடிக்கவில்லை, கிழிக்கவில்லை. எதிர்ப்பக்கம் வெறுமையாக இருந்தது. நடந்ததை அதில் எழுதச் சொன்னார். முழுவதும் எழுதித் தேதி போட்டேன். வாசித்துப் பார்த்து, ஸ்பிரே என்பதற்கு நான் எழுதிய ஆங்கில எழுத்துக்கூட்டலைத் திருத்தினார்.

பிறகு போர்வையை என் பக்கம் திருப்பினார்.

"முப்பது வருடம் பிள்ளைகளுக்குக் கடற்கரைக் கோடு வரையச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். இது மாங்காய் இல்லை. இலங்கை."

பார்த்தேன். இலங்கையேதான். யாழ்ப்பாணத்துப் பக்கம் மட்டும் கொஞ்சம் அதிகமாக வளைந்திருந்தது.

"உங்கள் ஊர் இதில் எங்கே?"

"இதில் வராது டீச்சர். வடக்கே, தண்ணீரைத் தாண்டி." கறைக்கு மேலே, சற்று இடப்புறமாக, கறைபடாத சாட்டினில் ஓரிடத்தைக் காட்டினேன்.

ஊசியை என்னிடம் நீட்டினார். ஒரு முடிச்சுத் தையல் போடச் சொன்னார், ஊரைக் காட்டும் புள்ளியாக. நூல் பெட்டியைத் திறந்து, என் விருப்பத்துக்கு எடுத்துக்கொள்ளச் சொன்னார். அரக்குச் சிவப்பில் ஒரு கண்டு இருந்தது. அரை முழம் வெட்டினேன். ஊசியில் கோக்கப் போனவள் நிறுத்திவிட்டு, குளியலறைக் குழாயில் என் வெள்ளைக் கைக்குட்டையை நனைத்துக்கொண்டு வந்து, நூலை அதற்குள் மடித்து வைத்து உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். டீச்சர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, நான் கைக்குட்டையைப் பிரிப்பதற்காகக் காத்திருந்தார்.